முன்பக்கம் பார்க்காமல் வாங்கிய படம்

எங்க அக்கா படம் வாங்குறதுக்கு முன்னாடியே ஆணி அடிச்சிடுவா. வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு வாரம் லீவு போட்டுட்டு அவளும் அத்தானும் வெளியூர் போவாங்க. டிக்கெட் கைக்கு வந்த அன்னைக்கே சுத்தியலும் கையுமா ஸ்டூல் மேல ஏறிடுவா. "வெறும் ஆணி கண்ணுல உறுத்திக்கிட்டே இருந்தாதான் வெறுங்கையோட திரும்ப மனசு வராது"ன்னு ஒரு வியாக்கியானம் வேற. அப்படி வாங்கின நாலு படம் ஹால்ல தொங்குது. அஞ்சாவது ஆணியை அடிச்ச ஒன்பதாம் நாள், பல் ஆஸ்பத்திரியில டோக்கன் கொடுக்குற கவுன்ட்டர்லயே சாஞ்சுட்டா. மூளையில ரத்தக் குழாய் வெடிச்சிருச்சாம். நாற்பத்தேழு வயசுதான்.

அத்தானுக்கு வீடு மாத்துற கம்பெனியில சாமான் கட்டுற வேலை. இருபத்தாறு வருஷமா அதே வேலை. கூட இருக்கிறவங்க அவரை "டேப்பு"ன்னுதான் கூப்பிடுவாங்க. யார் வீட்டுக்குப் போனாலும் முதல்ல சோபாவைப் பார்ப்பாரு, அப்புறம் படிக்கட்டைப் பார்ப்பாரு. "படியில இது திரும்பாதே"ம்பாரு. காபி கொடுக்க வந்தவங்க முகம் சுருங்கிப் போகும். அக்கா அவரு தொடையில ஒரு கிள்ளு கிள்ளுவா.

அவங்க கம்பெனியில ஒரு சட்டம் உண்டு. கட்டினவன் பிரிக்கக் கூடாது. சாமான் போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்காரங்கதான் டேப்பை அறுக்கணும். பார்த்துட்டு, மேல ஒட்டியிருக்கிற அட்டையில "சேதமில்லை"ன்னு எழுதிக் கையெழுத்து போடணும். வீட்ல யாருமே இல்லைன்னா மட்டும், கட்டினவனே "ஆள் இல்லை"ன்னு எழுதிட்டுப் பிரிச்சுக்கலாம். அத்தான் அப்படி ஒரு தடவை கூட எழுதினதில்லை. வாசல்ல வண்டியை நிறுத்திட்டு சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருப்பாரு. "வராமலா போயிடுவாங்க"ம்பாரு.

இந்தக் கூத்து லீவுலயும் நடக்கும். படக்கடையில அக்கா முன்பக்கத்தைப் பார்ப்பா. இவரு படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பாரு. மரச்சட்டம் கோணலா, மூலை பிளந்திருக்கா, கம்பி எத்தனை நாள் தாங்கும்னு விரலால தடவிப் பார்ப்பாரு. அவளுக்குப் பிடிச்சு, இவரும் தலையை ஆட்டினாதான் வாங்குவாங்க. முக்கால்வாசி வருஷம் ஒத்து வராது, சண்டை போட்டுக்கிட்டே திரும்பி வருவாங்க; வந்ததும் அவ அந்த ஆணியைப் பிடுங்கிடுவா. ஒத்து வந்துட்டா இவரே கடையில உட்கார்ந்து கட்டுவாரு. வீட்டுக்கு வந்ததும் அவ சமையல்கட்டுக் கத்திரிக்கோலால பிரிச்சு, அட்டையில "சேதமில்லை"ன்னு பெருசா எழுதுவா. அந்த அட்டையைப் படத்துக்குப் பின்னாடியே ஒட்டி வச்சிடுவாரு. நாலு படத்துக்குப் பின்னாடியும் நாலு அட்டை.

அவ போனப்போ அத்தான் அழலை. மூணாவது வாரம் வேலைக்குப் போனாரு. தட்டுல வச்சதைச் சாப்பிட்டாரு, கேட்டதுக்குப் பதில் சொன்னாரு. எனக்கோ யாரைப் பார்த்தாலும் எரிச்சல். நான் டிரைவிங் ஸ்கூல்ல கார் ஓட்டக் கத்துக் கொடுக்கிறவன், நாள் முழுக்கப் பக்கத்து சீட்டுல உட்கார்ந்து "பிரேக்கு, பிரேக்கு"ன்னு கத்துற பொழைப்பு. அந்த மாசம் ரெண்டு பேர் என்கிட்ட கத்துக்க மாட்டோம்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டாங்க. உள்ளுக்குள்ள மரத்துப் போயிருந்துச்சு, வாய் மட்டும்தான் உயிரோட இருந்துச்சு.

ரெண்டு மாசம் கழிச்சு அத்தான் ஒரு நாள் போன் பண்ணாரு. "மாப்ள, லீவு சாங்ஷன் ஆயிருச்சு. ரூமும் போட்டாச்சு. கூட வர்றியா?"

"இப்ப எதுக்கு அத்தான் அதெல்லாம்?"

"ஆணி சும்மா இருக்குல்ல."

அக்கா உட்கார வேண்டிய சீட்டுல நான் உட்கார்ந்து போனேன்.

கடலோரத்துல சின்ன ஊரு. ஒரு சந்து முழுக்கப் படக்கடை. அங்க இருந்த நாலு நாளும் காலையில ஒன்பது மணிக்குக் கிளம்பிடுவோம். அத்தான் ஒவ்வொரு படமா எடுப்பாரு, திருப்புவாரு, தடவுவாரு, வைப்பாரு. முன்பக்கத்தைப் பார்க்குற வேலை என்னுதாம். எனக்குப் படத்தைப் பத்தி என்ன தெரியும்? படகு, பூ, பழம், மறுபடியும் படகு. எல்லாத்துக்கும் "நல்லா இருக்கு அத்தான்"னு சொன்னேன்.

"எல்லாமே நல்லா இருக்குன்னா எப்படிடா?"ன்னு கேட்டாரு. குரல்ல கோபம் கூட இல்லை.

"அக்கா மாதிரி எனக்குப் பார்க்கத் தெரியாது. போதுமா?"ன்னு நடு சந்துல கத்திட்டேன். ஒரு கடைக்காரர் எட்டிப் பார்த்தாரு. அத்தான் அடுத்த கடைக்குள்ள போயிட்டாரு.

கடைசி நாள் மத்தியானம் பஸ். எனக்குப் பசியில தலை கிறுகிறுன்னு வந்துச்சு. ரெண்டு பன் வாங்கிட்டு வர்றேன்னு போனவன் திரும்பி வர்றதுக்குள்ள அவரு ஒண்ணை வாங்கிக் கட்டியும் முடிச்சிட்டாரு. பழுப்புத் தாள், மூலைக்கு மூலை அட்டை, மேல டேப்பு. படம் வரைஞ்ச அம்மா கையைக் கட்டிக்கிட்டு அவரையே பார்த்துக்கிட்டு நின்னாங்க.

"நல்ல படமா?"ன்னு கேட்டேன்.

"சட்டம் பிரமாதம்"னு சொன்னாரு.

வீட்டுக்கு வந்ததும் அதை அப்படியே ஆணியில மாட்டிட்டாரு. தாளோட, டேப்போட. அட்டையில "பெறுபவர்: வீட்டுக்காரம்மா"ன்னு அவரு கையெழுத்து. ஒரு வாரம் போனா பிரிப்பாருன்னு நினைச்சேன். ஒரு மாசம் ஆச்சு. அஞ்சு மாசம் ஆச்சு. வர்றவங்க போறவங்க எல்லாம் "என்ன இது பார்சலு?"ன்னு கேட்பாங்க. "படம்"னு சொல்லிட்டு டீ போடப் போயிடுவாரு.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில அவரு வீட்டுக்குப் போயிருந்தப்போ எனக்குப் பொறுக்கலை. சமையல்கட்டுக்குப் போய் அக்காவோட கத்திரிக்கோலை எடுத்துட்டு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அத்தான் பேப்பரைக் கீழ போட்டுட்டு வந்து என் மணிக்கட்டைப் பிடிச்சாரு. சாமான் தூக்குற கை, இரும்பு மாதிரி இருந்துச்சு.

"நீ பிரிக்கக் கூடாது."

"ஏன்?"

"நீ வீட்டுக்காரன் இல்லை."

"அப்ப நீங்க பிரிங்க."

"கட்டினது நான்டா."

"அப்ப யாருதான் பிரிப்பா? அவ வரமாட்டா அத்தான்! எத்தனை நாள் வண்டியில உட்கார்ந்திருக்கப் போறீங்க? வரவே மாட்டா!"

சொன்ன வாயை நானே பொத்திக்கிட்டேன். ஏழு மாசமா இதை யாரும் அவருகிட்ட வாய் விட்டுச் சொன்னதில்லை. நானும் எனக்கே சொல்லிக்கிட்டது கிடையாது.

அவரு கையை விட்டாரு. பார்சலைக் கழட்டி மேஜை மேல வச்சு, சட்டைப் பையிலேர்ந்து பேனாவை எடுத்தாரு. மூடியைக் கழட்டினாரு, திரும்பப் போட்டாரு, மறுபடியும் கழட்டினாரு. இருபத்தாறு வருஷத்துல எழுதாததை, ஒவ்வொரு எழுத்தா, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அட்டையில எழுதினாரு. ஆள் இல்லை. கீழ தேதி போட்டு, கையெழுத்து போட்டாரு.

அதுக்கப்புறம் பிரிச்சாரு. தாள் ஒரு இடத்துல கூடக் கிழியலை. படத்தைத் திருப்பி நிமிர்த்தினாரு.

ஒரு நாய். மஞ்சள் நாய், ஒன்றரைக் கண்ணு, நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு எங்களையே பார்த்துச்சு. எங்க அக்கா தெருவுல நாய்க்குட்டி வந்தா கூட எதிர்ப் பக்கம் போயிடுவா.

"அத்தான், இதைப் பார்த்தா வாங்கினீங்க?"

"நான் எங்கடா பார்த்தேன்? பின்பக்கம் நல்லா இருந்துச்சு, வாங்கிட்டேன். குப்புறப் போட்டுக் கட்டிட்டேன்." படத்தைக் கண்ணுக்குக் கிட்ட கொண்டு போய்ப் பார்த்தாரு. "அந்தம்மா கேட்டுச்சு, பார்க்க வேண்டாமான்னு. முன்பக்கம் என் வேலை இல்லைன்னு சொன்னேன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. அவருக்கும் வந்துச்சு. "அவளுக்கு நாய்னா பயம்டா... சந்து பூரா சுத்தி நாயையா வாங்கிட்டு வந்திருக்கேன்"னு சொல்லிச் சிரிச்சவரு, மேஜையைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே அழ ஆரம்பிச்சாரு. சத்தம் போட்டு அழுதாரு. நான் கத்திரிக்கோலை வச்சுட்டு அவரு முதுகுல கையை வச்சுக்கிட்டு நின்னேன்.

நாயை அந்த ஆணியிலயேதான் மாட்டினோம். சட்டம் பிரமாதம்தான், இன்னும் ஒரு இம்மி கூடச் சாயலை. அட்டையைப் பின்னாடி ஒட்டிட்டாரு. மத்த நாலுலயும் எங்க அக்கா எழுத்து இருக்கு. இதுல அத்தான் எழுத்து.