கை எடுத்தாச்சு

பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டாம். எனக்கு நடந்தது பட்டப்பகலில். ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

எங்கள் கம்பெனியில் மொத்தம் மூன்று பேர். முதலாளி, நான், அப்புறம் சீனியர். அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். நோயாளிகளுக்கு ஊசி போடும் நேரத்தைப் போனில் நினைவூட்டும் சாப்ட்வேர் எங்களுடையது. அதில் எந்த மாற்றத்தையும் சர்வரில் ஏற்றும் முன் எங்கள் சாட் குரூப்பில் 'கை வைக்கிறேன்' என்று போட வேண்டும். போட்டவர் பெயரில் சர்வர் பூட்டிக்கொள்ளும். 'கை எடுத்தாச்சு' என்று அவரே போட்டால்தான் அடுத்தவர் தொட முடியும். அண்ணன் வைத்த சட்டம் இது. பூட்டை உடைக்கும் வழியும் அவர் தலைக்குள்தான் இருந்தது. எழுதி வையுங்கள் என்று நூறு தடவை கெஞ்சியிருப்பேன். "நான் எங்கடா போகப்போறேன்?" என்பார்.

ஒருநாள் 'கை வைக்கிறேன்' என்று போட்டவர், அப்படியே கீபோர்டின் மேல் சரிந்தார். மூளையில் ரத்தக்கசிவு. ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். சர்வரும் பூட்டியபடியே கிடந்தது. அண்ணன் எழுந்து வரட்டும் என்று முதலாளி தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பதினோராம் நாள், சனிக்கிழமை. மதியம் ஒரு டாக்டர் போன் செய்தார். ஒரே ஊசிக்கு இரண்டு நினைவூட்டல் போகிறதாம். சர்க்கரைக்காரர் யாராவது இரண்டாவதையும் நம்பிப் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அடுத்தது நாலு மணிக்குப் போகும். திருத்தம் தயார். ஏற்றத்தான் முடியவில்லை.

முதலாளி போனில் கத்தினார். "பூட்டை உடைச்சுத் தொலைடா!"

2.31. முட்டி மோதிப் பூட்டு ஃபைலைக் கண்டுபிடித்து அழித்தேன்.

2.32. மறுபடி இருந்தது. அண்ணன் பெயரில்.

அழித்தேன். வந்தது. அழித்தேன். வந்தது. மேஜையை ஓங்கிக் குத்தினேன். அவருடைய கணக்கையே முடக்கினேன்.

3.05. மறுபடி பூட்டு. அவர் பெயர். நேரம் மட்டும் புதிது.

அப்போதுதான் கேட்டது.

டக்... டக் டக்...

எதிர் மேஜை. அவருடைய கீபோர்டு. ஒயரைப் பிடுங்கிச் சுற்றி வைத்த கீபோர்டு. சுற்றி வைத்ததே நான்தான்.

ஆபீஸில் வேறு யாரும் இல்லை.

டக் டக்... டக்...

3.40. பயத்தைவிட ஆத்திரம்தான் வந்தது. அழுகையும்.

"போதும்ணே! கையை எடுங்க! நான் பாத்துக்கறேன்!"

சத்தம் நின்றது.

3.42. குரூப்பில் அவரிடமிருந்து ஒரு செய்தி.

'கை எடுத்தாச்சு.'

திருத்தம் ஏறியது. நாலு மணிக்கு எல்லோருக்கும் ஒரே ஒரு நினைவூட்டல்தான் போனது.

4.20. அண்ணி போன் செய்தார். அழுது ஓய்ந்த குரல்.

"பதினோரு நாளா அவர் வலது கை மட்டும் படுக்கையில தட்டிக்கிட்டே இருந்துச்சு தம்பி. டைப் அடிக்கிற மாதிரி. நர்ஸ் புடிச்சு வச்சாலும் நிக்கல."

"இப்ப... அண்ணி?"

"மூணு நாப்பத்திரண்டுக்கு நின்னுச்சு. எல்லாமே நின்னுச்சு."

எடுக்கச் சொன்னது நான்தான் என்று அண்ணியிடம் இன்றுவரை சொல்லவில்லை.