மாப்பிள்ளை தொட்ட கம்பி

மாப்பிள்ளை கிட்டார் வாசித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் சத்தம் நின்றால் என்னவோ ஏதோ என்று ஆகிவிடும் எனக்கு. கையிலிருக்கிற கரண்டியைப் போட்டுவிட்டு, "மாப்பிள்ளை!" என்று கத்துவேன். "என்ன அத்தை?" என்று பக்கத்து அறையிலிருந்து குரல் வரும். "ஒண்ணுமில்லை, டீ போடட்டுமா?" என்பேன். இப்படியே அந்த மனிதர் குடித்த டீக்குக் கணக்கே கிடையாது. பயந்த மாமியாரிடம் மாட்டிக்கொண்ட மருமகன் வேறென்ன செய்வார்?

அவர் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை செய்கிறவர். முன்னால் ஃபிரேம்களை அடுக்கிவைத்துச் சிரித்துப் பேசி விற்பது வேறு ஆட்கள். இவர் தண்ணீர் சொட்டிக்கொண்டே சுழலும் சக்கரத்தில் லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து ஃபிரேமுக்குள் உட்கார வைப்பவர். அதிகம் தேய்த்தால் ஆடும், குறைத்துத் தேய்த்தால் ஏறாது. அப்படிப்பட்ட வேலை பார்த்துப் பார்த்துப் பேச்சும் அளவாகிவிட்டது. குணத்தில் தங்கம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் அவரைக் குறை சொல்கிறேன் என்று யாரும் நினைக்கக் கூடாது.

நாற்பது தாண்டிய பிறகு அவருக்குக் கிட்டார் பைத்தியம் பிடித்தது. வீடு காலி செய்துகொண்டு போன ஒருவரிடமிருந்து கறுப்பாக, கனமாக ஒன்றைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். என் மகள் வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"கிட்டாருக்கு ஆறு கம்பி இருக்கும்ல? இதுல நாலுதானே இருக்கு?"

"ரெண்டு அறுந்துபோச்சு போல. அதான் சல்லிசா குடுத்துட்டாரு. வாங்கி மாட்டிக்கலாம்."

மறுநாள் வாத்தியக் கடைக்குப் போய் அந்த இரண்டு கம்பியைக் கேட்டிருக்கிறார். கடைக்காரர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். "சார், இது பேஸ் கிட்டாரு. பொறக்கும்போதே நாலு கம்பிதான்." வேறு ஆளாக இருந்தால் வெட்கப்பட்டுத் திருப்பிக் கொடுத்திருப்பார். இவர் வீட்டுக்கு வந்து, "நாலுன்னா சீக்கிரம் கத்துக்கலாம்" என்றார்.

எங்கே சீக்கிரம்? கம்பி ஒவ்வொன்றும் துணி காயப்போடுகிற கயிறு கணக்காக இருந்தது. இடக்கை விரல் நுனியெல்லாம் கொப்புளம் கட்டி, உடைந்து, காய்த்துப்போனது. வலக்கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி நடந்து போவது மாதிரி கம்பியை இழுக்க வேண்டும். சாப்பிடும்போதும் அந்த இரண்டு விரலும் மேசை ஓரத்தில் நடந்துகொண்டேயிருக்கும். பாட்டுக்காரர் பாடுவார், மற்றவர்கள் மேலே மேலே போவார்கள், இது மட்டும் அடியில் கிடந்து தாங்க வேண்டும். அவருக்கு அது பிடித்திருந்தது. யாரும் தன்னைப் பார்க்காமல் தன் வேலையைப் பார்க்கிற வாத்தியம்.

ஒன்றோடு நின்றிருந்தால் பரவாயில்லை. முதலில் கம்பியை மாற்றினார். பிறகு கம்பிக்கு அடியிலிருக்கிற காந்தத்தை மாற்றினார். பிறகு ஐந்து கம்பி உள்ள புதிய பேஸ் ஒன்று வந்தது. மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"அடுத்தது ஆறு கம்பியா? அப்ப முதல்லயே ஒரு கிட்டாரே வாங்கியிருக்கலாமே!"

அவர் காதில் விழாத மாதிரி மரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கூட வாசிக்க ஆட்களும் கிடைத்தார்கள். டிரம்ஸ் அடிப்பவர் பெயிண்ட் கடை வைத்திருப்பவர், எல்லாரும் அவரை டின் என்றுதான் கூப்பிடுவார்கள். பாடுகிறவள் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்யும் பெண். விடுமுறை நாட்களில் பெயிண்ட் கிடங்கில் மூன்று பேரும் கூடுவார்கள். அந்தச் சத்தத்துக்கு வீட்டிலிருந்த சின்ன ஒலிபெருக்கிப் பெட்டி போதவில்லை என்று, கலைந்துபோன ஒரு குழுவிடமிருந்து பெரிய பழைய ஆம்ப் ஒன்றை வாங்கி வந்தார். பீரோவைத் தூக்கிவருவதுபோல டின்னும் அவரும் முக்கி முனகித் தூக்கிவந்து, துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் இறக்கினார்கள்.

வினை அங்கேதான் வந்து உட்கார்ந்தது.

அந்தப் பெட்டியைப் போட்டாலே உம்ம்ம் என்று ஓர் இரைச்சல். லென்ஸில் முடியளவு கீறல் இருந்தாலும் தூக்கிப் போடுகிற மனிதருக்கு அது பொறுக்குமா? சாப்பாடு இறங்கவில்லை. டின்தான் வழி சொன்னார். "ப்ளக்ல மேல தடியா ஒரு பின் இருக்கு பாரு, அது வழியாத்தான் இந்தச் சத்தம் வருது. எத்தனை பேரு அதை எடுத்துட்டு வாசிக்கிறான் தெரியுமா? எடுத்து விட்டேன்னா கம்முனு ஆயிடும்."

இவர் ப்ளக்கை ஒயரோடு கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய் அந்தத் தடிப் பின்னைச் சின்ன ரம்பத்தால் அறுத்து, லென்ஸின் ஓரத்தைத் தேய்ப்பதுபோலத் தேய்த்து, வழவழவென்று ஆக்கிவிட்டார். செய்யும்போதே இரண்டு பின்னோடு செய்த ப்ளக் மாதிரி அத்தனை நேர்த்தி. இரைச்சல் நின்றது. இது எனக்கும் மகளுக்கும் அப்போது தெரியாது. பின்னால் தெரிந்ததை, நீங்கள் குழம்பக் கூடாதென்று இங்கேயே சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு காலை, நான் ஆம்ப் இருந்த அறையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெறுங்கால், தரையெல்லாம் ஈரம். ஆம்ப் ஓடிக்கொண்டிருக்க, அவர் யாரோ கூப்பிட்டார்களென்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போயிருந்தார். பேஸ் மேல் தூசியாக இருக்கிறதே என்று ஈரத்துணியோடு கம்பியில் ஓர் இழுப்பு இழுத்தேன். முழங்கை வரை சுருக்கென்று ஏறியது. கட்டெறும்புக் கூட்டத்தில் கையை விட்ட மாதிரி. துணியை உதறிவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"கம்பி கடிக்குது மாப்பிள்ளை!"

அவர் வந்து, செருப்புக் காலோடு நின்று, கம்பியைத் தடவினார், இழுத்தார், ஒரு பாட்டே வாசித்துக் காட்டினார். "ஒண்ணுமே இல்லையே அத்தை. கம்பி அதிரும்ல, அதைச் சொல்றீங்க."

"அதிர்றதுக்கும் கடிக்கிறதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

"வாஷிங் மெஷினையும் முதல்ல கடிக்குதுன்னுதானேம்மா சொன்ன?" என்றாள் மகள்.

நான் வாயை மூடிக்கொண்டேன். மனசு மூடவில்லை. அவர் காலில் ரப்பர் செருப்பு, என் கால் வெறுங்கால். எனக்குத் தெரிந்த வித்தியாசம் அது ஒன்றுதான். அன்றிலிருந்து அந்தச் செருப்பு விஷயத்தில் நான் ராட்சசி ஆனேன். குளித்துவிட்டு ஈரத்தலையோடு அவர் அந்த அறைப் பக்கம் போனால், செருப்பைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடுவேன். "போட்டுக்குங்க." "போட்டுக்கறேன் அத்தை." "இப்பவே போட்டுக்குங்க." போட்டுக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் நகர்வேன். போட்டதனால் அவரைக் கம்பி கடிக்கவேயில்லை. கடிக்காததனால் நான் சொன்னது பொய்யாகிக்கொண்டே வந்தது. நான் காப்பாற்றக் காப்பாற்ற அவருக்குத் தைரியம் கூடியது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

பிறகு நூலகத்து அரங்கில் ஒரு மாலை நிகழ்ச்சி வந்தது. பொழுதுபோக்காக ஆடுகிறவர்கள், பாடுகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்குக் கொஞ்ச நேரம் மேடை கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு முதல் மேடை. அந்தப் பெண் பாடும்போது நடுவில் இவரும் மைக்கில் சேர்ந்து பாட வேண்டுமாம். சட்டை தேய்த்து, கறுப்பு ஷூவைத் துடைத்து வைத்திருந்தார். நான் ரப்பர் செருப்பை ஒரு பையில் சுற்றி எடுத்துக்கொண்டேன்.

நாங்கள் முன்னதாகவே போய்விட்டோம். வெளியே மழை. ஆம்பைத் தூக்கி வந்ததில் மேடையெல்லாம் ஈரக்கால் தடம். நான் செருப்பை எடுத்து நீட்டினேன்.

"அத்தை, மேடையில ரப்பர் செருப்பா?"

"போட்டுக்கடா," என்றார் டின். "பாத்ரூம்லேர்ந்து நேரா வந்த மாதிரி கம்பீரமா இருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்துவிட்டு, ஷூவோடு போய் நின்றார். ஒத்திகை தொடங்கியது. பேஸ் நன்றாகத்தான் ஒலித்தது. அவர் பாட வேண்டிய இடம் வந்ததும், கை கம்பி மேலிருக்க, கழுத்தை நீட்டி மைக் பக்கம் குனிந்தார்.

சட்டென்று ஒரு சத்தம். உதட்டுக்கும் மைக்குக்கும் நடுவில் நீலமாக ஒரு பொறி. அவர் தலை பின்னால் போனது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"மைக் சரியில்ல," என்றார் டின். "பழசு. மேல ஒரு கைக்குட்டையைச் சுத்திடலாம்."

"சின்னதாத்தான் அடிச்சுது," என்றார் மாப்பிள்ளை. உதட்டோரம் வெளுத்திருந்தது. கைக்குட்டையை எடுத்துக்கொண்டு மறுபடி மைக்கிடம் போனார்.

எனக்குக் கால் எப்படி நகர்ந்ததென்று தெரியாது. மேடையேறிப் போய், ஆம்பின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கி, ப்ளக்கை இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அத்தை, குடுங்க. ஆளுங்க வர ஆரம்பிச்சிட்டாங்க."

"மாட்டேன்."

"பாட்டி, மைக்லதான் கோளாறு," என்றாள் பாடுகிற பெண், பாவம், அழாத குறையாக. "நீங்க அவரு மானத்தை வாங்குறீங்க."

"மானம் போனா திரும்ப வந்துடும்மா," என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல்ல எதுவும் தெரியவில்லை. ஏன் கடிக்கிறது, எது கடிக்கிறது, ஒன்றும் தெரியாது. விடக் கூடாது என்பது மட்டும்தான் தெரியும்.

மகள் மேடையேறி வந்தாள். என்னை எழுப்பிக் கூட்டிப் போகத்தான் வந்தாள். குனிந்தவள் என் மடியைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். சுவரில் செருகியிருந்த மற்ற ப்ளக்கை ஒன்று உருவிப் பார்த்தாள். மறுபடி என் மடியைப் பார்த்தாள்.

"என்னங்க, எல்லாத்துக்கும் மூணு இருக்கு. இதுல மட்டும் ஏன் ரெண்டு?"

மாப்பிள்ளை டின்னைப் பார்த்தார். டின் கூரையைப் பார்த்தார்.

அரங்கத்து விளக்கு வேலை பார்க்கிற ஆளைக் கூப்பிட்டார்கள். அவர் ப்ளக்கைத் திருப்பிப் பார்த்து, "யாருங்க இவ்வளவு அழகா அறுத்தது?" என்றார். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுச் செருகினார். சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து, பேஸ் கம்பி மேல் வைத்தார்.

டெஸ்டருக்குள் சிவப்பாக விளக்கு எரிந்தது.

அடுத்த கம்பியில் வைத்தார். எரிந்தது. ஐந்திலும் எரிந்தது. மாப்பிள்ளை தன் வலக்கையைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"பெட்டிக்குள்ள எங்கேயோ ஒயர் நைஞ்சிருக்கு," என்றார் அந்த ஆள். "மூணாவது பின் இருந்திருந்தா கரண்ட் பூமிக்குப் போயிருக்கும். வழி இல்லாம கம்பியில வந்து நிக்குது. இப்ப பட்டும் படாம பட்டதால தப்பிச்சீங்க. பாடுற ஜோர்ல, வேர்வைக் கையோட மைக்கை வாயோட சேத்துப் பிடிச்சிருந்தா? ஒரு பக்கம் கை, ஒரு பக்கம் உதடு. நடுவுல என்ன இருக்கு, சொல்லுங்க?"

என் மகள் மெதுவாகத் தன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

ஆம்பைத் துணி போட்டு மூடி ஓரத்தில் தள்ளினார்கள். அரங்கத்தின் ஒலிபெருக்கிப் பெட்டியிலேயே பேஸை இணைத்துக் கொடுத்தார் அந்த ஆள். டெஸ்டரை வைத்தார். எரியவில்லை. "இன்னொரு தரம் வைங்க," என்றார் மாப்பிள்ளை. வைத்தார். "மைக்கிலயும்." அதிலும் வைத்தார். "போதுமா சார்?" மாப்பிள்ளை தலையாட்டினார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

கூட்டம் நிறைந்தது. பெயர் கூப்பிட்டார்கள். நானும் மகளும் முன்வரிசையில் உட்கார்ந்தோம். டின் குச்சிகளைத் தட்டி எண்ணினார். மாப்பிள்ளையின் கை கம்பிக்கு மேலே வந்து அப்படியே அந்தரத்தில் நின்றது. இறங்கவில்லை. பாடுகிற பெண் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரோ இருமினார்கள். வேண்டாம், போதும், இறங்கி வாருங்கள், வீட்டுக்குப் போகலாம் என்று கத்த எனக்கு வாய் வரை வந்துவிட்டது. மகள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். அவள் கை ஜில்லிட்டிருந்தது.

டின் மறுபடி எண்ணினார், இந்தத் தடவை மெதுவாக, மாப்பிள்ளை முகத்தையே பார்த்துக்கொண்டு.

மாப்பிள்ளை விரலின் பின்பக்கத்தால் கம்பியைச் சுண்டிவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார், சூடான தோசைக்கல்லைத் தொட்டுப் பார்ப்பவர் போல. ஒன்றும் ஆகவில்லை. மறுபடி தொட்டார். பிறகு இரண்டு விரலும் கம்பியில் இறங்கி நடக்க ஆரம்பித்தன. கனமாக, அடியிலிருந்து, என் நாற்காலி வரைக்கும் வந்தது சத்தம்.

பாட்டு நன்றாக இருந்ததாகப் பிறகு எல்லாரும் சொன்னார்கள். எனக்குத் தெரியாது. நான் அவர் உதட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். சேர்ந்து பாட வேண்டிய இடம் வந்தது. அவர் மைக்கைப் பார்த்தார், ஓரடி பின்னால் நகர்ந்தார், வாயை இறுக்கி மூடிக்கொண்டார். அந்தப் பெண் தனியாகவே பாடி முடித்தாள்.