எல்லாத்தையும் அமத்திப்போட்டு

“14 மார்ச் 2025, வெள்ளி. பெட்டி படுத்துவிட்டது. திரையில் வெள்ளை எழுத்து வரிசைகள் மட்டும். அப்பா இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார்.”

என் டைரியில் அன்றைக்கு எழுதியிருப்பது இவ்வளவுதான். கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்த பழக்கம், எதற்கும் தேதி போட்டுவிடுவேன். பாட்டரி மாற்றினால் கடிகாரத்தின் முதுகில் தேதி, ஊறுகாய் போட்டால் ஜாடியின் மேல் தேதி. வீட்டில் இதற்காக நிறையக் கேலி உண்டு.

பெட்டி என்றால் உள்ளங்கையில் அடங்கும் சின்னக் கம்ப்யூட்டர். அதற்கு ஒரு பிளாஸ்டிக் கூடு, பக்கத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க். வீட்டிலிருந்த பழைய பாட்டு, போட்டோ, கல்யாண வீடியோ எல்லாவற்றையும் அதில் ஏற்றி, 2024 ஜூன் மாதம் கீழ்வீட்டு டிவிக்கு அடியில் வைத்தேன். கீழே அப்பா, மாடியில் நானும் மனைவியும். அப்பா டிவியில் பார்ப்பார். மனைவி மாடியிலிருந்து போனில் பாட்டுக் கேட்பாள். வெளி இணையத்தோடு அதைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் தானாக எதையாவது மாற்றிக்கொண்டு கெட்டுப்போகும் என்று ஒரு பயம். பழைய ரௌட்டர் ஒன்றை வைத்து வீட்டுக்குள் மட்டும் ஓடும்படி செய்திருந்தேன்.

உண்மையில் அவ்வளவு ஏற்பாடும் ஒரே ஒரு வீடியோவுக்காகத்தான். 1997 கிறிஸ்துமஸுக்கு எங்கள் சபையின் கேரல் குழு லாரியில் தெருத்தெருவாகப் போனதை ஒரு ஸ்டுடியோக்காரர் படம் பிடித்தார். படத்தின் மூலையில் ஓடும் தேதி 1992 ஜனவரி ஒன்று என்கிறது. அந்த மனிதர் கேமராவில் தேதியை வைக்கவே இல்லை. அக்கா கல்யாணமாகி முதல் கிறிஸ்துமஸுக்கு மாப்பிள்ளையோடு வந்திருந்ததால் வருடம் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அப்போது மில்லுக்குப் பின்னாலிருந்த லைன் வீட்டில் இருந்தோம். கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் வயல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பத்திலிருந்து மில் வேலைக்கு வந்தவர் அப்பா. டிசம்பர் குளிரில் மப்ளரைத் தலையில் சுற்றிக்கொண்டு டோலக் வாசிப்பார். குழுவுக்கு எங்கள் வீடுதான் கடைசி வீடு, அதனால் சாப்பாடு எங்கள் வீட்டில். தக்காளிச் சாதமும் அவித்த முட்டையும். லாரியில் தொண்டை கட்டப் பாடிவிட்டு, முப்பது பேர் அந்தச் சின்ன வாசலில் இடித்துக்கொண்டு நிற்பார்கள். ஜன்னலில் சிவப்புக் காகித நட்சத்திரம் எரியும்.

படத்தில் அம்மா எங்கும் இல்லை. அடுக்களையில் இருந்தாள். ஆனால் கடைசியில், பாட்டு முடிந்து ஆட்கள் கலைகிறபோது, அவள் குரல் மட்டும் உள்ளேயிருந்து வருகிறது.

“ஏனுங்க, கரண்டு சும்மா போகுதுல்லங்க. எல்லாத்தையும் அமத்திப்போட்டு வந்து சாப்புடுங்க.”

அவ்வளவுதான். அம்மா 2009இல் இறந்தாள். அன்று எங்களிடமிருந்த போனில் பேசத்தான் முடியும், பதிந்து வைக்க முடியாது. போட்டோக்கள் இருக்கின்றன, எல்லாவற்றிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். குரல் என்று இருப்பது இந்த ஒரு இடத்தில்தான். பீரோவைக் காலி செய்கிறபோது கேசட் கிடைத்து, அதைக் கடையில் கொடுத்து மாற்றி வாங்கி வந்து போட்டபோது, பதினைந்து வருடம் கழித்து அப்பா அதைக் கேட்டார். மறுநாள் சாயங்காலம், “அந்த லாரி வீடியோவைப் போடு” என்றார். அதற்குப் பிறகு அவருடைய ஒவ்வொரு சாயங்காலமும் அதில்தான் முடிந்தது. முதலில் பாட்டு, பிறகு யாருடைய கல்யாணமாவது, கடைசியாக லாரி. லாரி முடிந்தால்தான் சாப்பாட்டுக்கு எழுந்திருப்பார்.

அந்த வெள்ளிக்கிழமை மாடிப்படியில் நின்று கூப்பிட்டார்.

“டேய், உன்ற பொட்டி என்னைய இங்கிலீசுல வையுதுடா.”

இறங்கிப் போய்ப் பார்த்தேன். மெமரி கார்டு கெட்டிருந்தது. சின்னக் கம்ப்யூட்டருக்கு உயிரே அந்த நகம் அகலக் கார்டுதான். அதை என் லேப்டாப்பில் சொருகி, பெட்டி தானாக எழுதிக்கொள்ளும் குறிப்புகளைத் திறந்தேன். கடைசிக் குறிப்பு நவம்பர் மாதத் தேதியில் இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

இங்கேதான் என் தேதிப் பழக்கம் என்னைச் சுற்றலில் விட்டது. நவம்பரிலேயே கார்டு எழுதுவதை நிறுத்திவிட்டது, அதன் பிறகு எப்படியோ ஒப்பேற்றிக்கொண்டு ஓடியிருக்கிறது என்று முடிவு கட்டினேன். என் டைரியில் நவம்பரைப் புரட்டினேன். “மாலை பலத்த இடி. மாடி டியூப்லைட் போயிற்று” என்று ஒரு வரி கிடைத்தது. பிறகென்ன, இடிதான் காரணம். காந்திபுரம் போய்ப் புதுக் கார்டும் நல்ல சார்ஜரும் இடி தாங்கும் பிளக் பலகையும் வாங்கி வந்தேன். மனைவியிடம் விளக்கமாகச் சொன்னேன்.

“நவம்பர்ல உழுந்த இடிக்கு மார்ச்சுல சாகற பொட்டிய இப்பத்தானுங்க பாக்கறேன்” என்றாள்.

பெட்டி திரும்ப ஓடியது. அப்பா திரும்பச் சாப்பிட்டார். மார்ச் கடைசியில் மறுபடியும் படுத்தது. இந்த முறை கார்டு மட்டுமல்ல, ஹார்ட் டிஸ்க்கும் திறக்கவில்லை. லாரி வீடியோவின் பெயர் தெரிந்தது, அழுத்தினால் ஒன்றும் வரவில்லை.

எல்லாவற்றிலும் இரண்டு பிரதி வைப்பவன்தான் நான். ஆனால் கேசட்டில் பூஞ்சை ஏறி நாடா ஒட்டிக்கொண்டுவிட்டது. கடைக்காரர் கொடுத்த டிவிடியை இரண்டாவது பிரதி என்று நம்பிப் பீரோவில் வைத்திருந்தேன், எடுத்துப் பார்த்தால் அதன் மேல் வெள்ளை பூத்து ஓடாமல் போயிருந்தது. இந்த ஹார்ட் டிஸ்க் போனால் அம்மாவின் குரல் போனது. அப்பா கதவருகில் வந்து நின்றார்.

“வருமா?”

“வருமுங்ப்பா.”

“வராட்டி வராதுன்னு சொல்லிப்போடு. சும்மா வரும் வரும்னு சொல்லாத.”

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக்கூடப் போகவில்லை. டிஸ்க்கை லேப்டாப்பில் மாட்டி, கெட்ட இடங்களைத் தேடிச் சரிசெய்யும் நிரலை ஓடவிட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அது மெதுவாகப் போயிற்று. என் பழைய போட்டோக்கள் சில வராமலே போய்விட்டன. லாரி வீடியோ வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பெட்டிக்கு இன்னொரு கார்டு போட்டு, டிஸ்க்கை அதில் மாட்டி, ஒரு பக்கம் பென் டிரைவில் நகல் எடுத்துக்கொண்டே, கடைசி வரை முழுசாக இருக்கிறதா என்று பார்க்க டிவியில் போட்டேன். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

லாரி வந்தது. டோலக் வந்தது. அப்பாவின் மப்ளர் வந்தது. வாசலில் கூட்டம். பிறகு அம்மா சொன்னாள். நகல் பாதியைத் தாண்டியிருந்தது. நான் லேப்டாப் திரையில் அதையே பார்த்துக்கொண்டிருந்ததால் அப்பா எழுந்ததைக் கவனிக்கவில்லை. டக், டக், டக் என்று சத்தம். டிவி போயிற்று. ஃபேன் போயிற்று. பெட்டியின் பச்சை விளக்கும் போயிற்று.

“அப்பா! ஏனுங்ப்பா அமத்துனீங்க?”

அவர் சுவிட்ச் போர்டில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தார்.

“அவ சொன்னாளே, கேக்கலையா?”

“பட்டப்பகல்லீங்களா?”

“பகல்ல சொன்னா பகல்லதான் அமத்தோணும். உசுரோட இருக்கறப்ப ஒரு நாளாச்சும் அவ சொல்லிக் கேட்டனா? இப்பவாச்சும் கேக்கறேன், உடு.”

அடுக்களையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

“பாதிதானுங்களே மாமா கேட்டிருக்கீங்க. வந்து சாப்புடுங்கன்னும் அத்தை சொன்னாங்கல்ல. நீங்க சாப்புட்டு முடிச்சு ஏப்பமே உட்டாச்சு.”

“ஒரு டம்ளர் மோர் கொண்டா அம்மணி. அதையும் கேட்ட மாதிரி ஆயிப்போகும்.”

அவள் சிரித்துக்கொண்டே மோர் எடுக்கப் போனாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுவிட்சுகளைப் போட்டு, பெட்டி எழுந்திருக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வீடியோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. முதல் வேலையாக மூன்று நகல் எடுத்தேன். ஒன்று லேப்டாப்பில், ஒன்று பென் டிரைவில், மூன்றாவது ஆனைமலையில் இருக்கிற அக்காவுக்கு.

அதன் பிறகுதான் நிதானமாக யோசித்தேன். ஜூனிலிருந்து ஒவ்வொரு ராத்திரியும் இதுதான் நடந்திருக்கிறது. அம்மா சொல்வாள், அப்பா எழுந்து எல்லாவற்றையும் சுவரில் அணைத்துவிட்டுச் சாப்பிட வருவார். கம்ப்யூட்டர் ஏதாவது எழுதிக்கொண்டிருக்கிறபோது இப்படிக் கரண்டைப் பிடுங்கினால் கார்டும் டிஸ்க்கும் எத்தனை நாள் தாங்கும்? காலையில் எழுந்ததும் அவரே எல்லாவற்றையும் போட்டுவிடுவார். நான் இறங்கி வருகிறபோது பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். வைத்த நாளிலிருந்து அது நிற்காமல் ஓடுகிறது என்று டைரியில்கூட எழுதியிருந்தேன்.

நவம்பரும் அப்போதுதான் புரிந்தது. இந்தச் சின்னக் கம்ப்யூட்டருக்குள் கடிகார பாட்டரி கிடையாது. இணையம் இருந்தால் மணியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். நான் அதையும் கொடுக்கவில்லை. அணைத்தால் அதன் காலம் நின்றுவிடும். மறுபடி போட்டால் விட்ட இடத்திலிருந்து எண்ண ஆரம்பிக்கும். ராத்திரிகள் அதற்குக் கணக்கில் இல்லை. எங்களுக்கு மார்ச் ஆனபோது அதற்கு நவம்பர்தான் ஆகியிருந்தது. இடியும் இல்லை, ஒன்றும் இல்லை. அப்பா விழித்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்த நேரத்தை மட்டும் சேர்த்துச் சேர்த்து, டிவிக்கு அடியில் அது தனியாக ஒரு வருடம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறது. தேதி தப்பு என்று அதைத் திருத்துவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுவிட்ச் மேல் டேப் ஒட்டிவிடலாம் என்றாள் மனைவி. அப்பாவிடம் அணைக்காதீர்கள் என்று சொல்லிப் பார்க்கலாம். இரண்டுக்கும் எனக்கு மனசு வரவில்லை. திரும்பக் காந்திபுரம் போய், பெட்டிக்கு அடியில் வைக்கிற சின்ன பாட்டரிப் பலகை ஒன்று வாங்கி வந்தேன். சுவரில் கரண்டு போனால் பாட்டரி தாங்கும். பெட்டி தன் வேலைகளை முடித்துக்கொண்டு தானாக அணையும். காசு அகல பாட்டரியில் ஓடும் ஒரு கடிகாரத்தையும் சேர்த்து மாட்டினேன்.

அன்று சாயங்காலம் லாரி முடிந்தது. அப்பா சுவிட்சுகளை அணைத்தார். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

“இதென்னடா, அமர மாட்டீங்குது?”

“அமருமுங்ப்பா, கொஞ்சம் இருங்க.”

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். விளக்கு விட்டுவிட்டு மின்னி, அணைந்தது.

“உன்னையாட்டவேதான். சொல்லி ரெண்டு நிமிசம் கழிச்சுத்தான் கேக்குது” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

ஈஸ்டர் கழிந்த வாரம் அக்கா வந்தாள். உக்கடம் பஸ் ஸ்டாண்டில் போய்க் கூட்டி வந்தேன். நான் அனுப்பிய நகலை அவள் போனில் பார்த்திருந்தாள், ஆனாலும் பெரிய டிவியில் அப்பாவோடு பார்க்க வேண்டும் என்றாள். பார்த்தாள். வாசலில் ஒரு கணம் வந்து போகும் தன் கல்யாணப் புடவையைப் பார்த்துச் சிரித்தாள், அம்மா குரலுக்கு அழுதாள். அப்பா எழுந்து அணைத்துவிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனார். அக்கா என் பக்கம் சாய்ந்து, மெல்லச் சொன்னாள்.

“அம்மா அது அப்பனுக்குச் சொன்னதில்லடா.”

“பின்ன?”

“கேமராக்காரருக்கு. அவருதான் அந்தப் பெரிய லைட்ட நம்மூட்டுப் பிளக்குல சொருகிட்டு நின்னாரு. அம்மாவுக்கு மீட்டரு மேலயே கண்ணு. நான் உள்ள அவகூடத்தான் இருந்தேன்.”

“அப்பா எங்க இருந்தாரு?”

“வாசல்ல தட்டுக் குடுத்துட்டு இருந்தாருன்னு நெனப்பு.” கொஞ்சம் யோசித்தாள். “நெனப்புதான்டா. நீ எங்க போயிருந்த?”

நான் லாரியில் டோலக்கையும் பெட்ரோமாக்ஸையும் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

மாடிக்குப் போய் அந்த இடத்தை மட்டும் லேப்டாப்பில் மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். அம்மா சொல்லி முடித்ததும் படம் இருண்டுவிடுகிறது. கேமரா விளக்கு அணைகிறது. அக்கா சொல்வதற்கு அது சாட்சி. ஆனால் அதற்கு ஒரு கணம் முன்னால் ஜன்னலில் காகித நட்சத்திரம் அணைகிறது. அதைப் போடுவதும் அணைப்பதும் ஒவ்வொரு வருடமும் அப்பாதான். வேறு யாரையும் தொட விடமாட்டார். ஜன்னல் ஓரத்தில் ஒரு வெள்ளைச் சட்டைக் கை தெரிகிறது. அன்று குழுவில் பாதிப் பேர் வெள்ளைச் சட்டை.

கேமராக்காரரின் ஸ்டுடியோ இப்போது இல்லை. திருப்பூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சபையில் ஒருவர் சொன்னார்; விசாரித்தவரை கிடைக்கவில்லை. தெரிந்திருக்கக்கூடிய இன்னொருவர் அப்பாதான். அவரிடம் நான் கேட்கவில்லை, அக்காவும் கேட்கவில்லை.

ஆகவே வீடியோவின் பெயருக்குக் கீழே இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: கிறிஸ்துமஸ் 1997. குரல், அம்மாவுடையது. யாரிடம் சொன்னாள் என்பது உறுதிப்படவில்லை.