அப்பா குதிரையிலிருந்து விழவில்லை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். வருகிற வெள்ளிக்கிழமையோடு எங்கள் அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இப்படிப்பட்ட மலரில் மூத்த மகன் எழுதுவதுதான் வழக்கம். அப்பாவுக்குப் பிள்ளை என்று இருப்பது நான் ஒருத்திதான். பெரியப்பா என்னையே எழுதச் சொல்லிவிட்டார். எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவரும் அம்மாவும் படித்துவிட்டார்கள். இதில் ஒரு வரியையும் அவர்கள் அடிக்கவில்லை.

இந்த ஒரு வருடத்தில் நான் அழவில்லை. கல்மனசு என்று சொன்னவர்கள் உண்டு, திடமான பிள்ளை என்று மெச்சியவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் சொன்னது சரியில்லை. பல் பிடுங்குவதற்கு மரத்துப்போகும் ஊசி போட்டால் கொஞ்ச நேரத்துக்கு உதடு நம்முடையது மாதிரியே இருக்காது. எனக்கு உடம்பு முழுவதும் அப்படி இருக்கிறது. காலேஜுக்குப் போகிறேன், வருகிறேன், சாப்பிடுகிறேன்.

அப்பா பிறந்தது பாபநாசம் மலையடிவாரத்தில், விக்கிரமசிங்கபுரத்தில். ஒரு காலத்தில் வயலும் வரப்புமாக இருந்து, பிறகு பெயர் மட்டும் மிஞ்சிய குடும்பம். அப்பாவுக்குப் பதினொரு வயதில் தாயார் தவறிவிட்டார். தாத்தா அதற்குப் பிறகு எதிலும் ஒட்டவில்லை. பத்து வயது மூத்தவரான பெரியப்பா படிப்பை நிறுத்திவிட்டு மாஞ்சோலை எஸ்டேட்டில் வேலைக்குப் போனார். மாதம் ஒரு முறை மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி வந்து தம்பிக்குச் சட்டை, நோட்டு எல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போவாராம். அப்பாவுக்கு அண்ணன் என்றால் அண்ணன் இல்லை, தகப்பன். பின்னால் நான் சொல்லப்போகிற விஷயத்தில் பெரியப்பாவை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்கு முன்பற்கள் இரண்டும் உதட்டை மீறி நிற்கும். பள்ளிக்கூடத்தில் அவருக்குத் தேங்காய்த்துருவி என்றுதான் பெயர். அந்தப் பெயர்தான் தன்னைப் பல் மருத்துவத்துக்கு அனுப்பியது என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். சென்னையில் படித்து, அதற்கு மேல் பல்வரிசையைச் சீர்படுத்தும் படிப்பையும் முடித்துக்கொண்டு ஊருக்கு வந்தார். ஆனால் தன் பல்லைக் கடைசிவரை சீர்படுத்திக்கொள்ளவில்லை. ஊருக்கெல்லாம் கம்பி கட்டுகிறவர் இப்படி இருக்கலாமா என்று அம்மா கேட்டால், "எம் பல்லப் பாத்தாத்தான் பிள்ளையளுக்குப் பயம் வருது. பயம் வந்தாத்தான் கம்பிய மாட்டிக்கிடுதுவ" என்பார்.

குதிரைப் பழக்கமும் சென்னையில் வந்ததுதான். வேப்பேரிப் பக்கம் மாணவர் படையில் குதிரையேற்றம் பழக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போயிருக்கிறார். குதிரையின் பல்லைப் பார்க்கத்தான் போனேன், ஏறி உட்கார்ந்துவிட்டேன் என்பது அவர் சொல்லும் கதை. வண்ணார்பேட்டையில் சைக்கிள் கடை மாடியில் கிளினிக் திறந்து, திருமணமாகி, நான் பிறந்து எட்டாம் வகுப்புக்கு வந்த வருடம்தான் அவர் ஆசை நிறைவேறியது. செந்நிறக் குதிரை. செவலை என்றே பெயர் வைத்தார். பார்த்துக்கொள்ள மேலப்பாளையத்திலிருந்து மைதீன் பாய் வந்தார். ஆற்றுக்குப் போகும் தெருவில் இருந்த எங்கள் வீட்டின் பின்புறம் லாயம் கட்டினார்கள். தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் லாயத்துக்குள் தண்ணீர் ஏறியபோது மூன்று நாள் செவலை எங்கள் முன்கூடத்தில்தான் நின்றது. அம்மா அதைச் சுற்றிக்கொண்டு போய் விளக்கேற்றினார்கள்.

விடிந்ததும் ஒரு மணி நேரம் ஆற்றங்கரையில் சவாரி. திரும்பி வந்து குளித்து, எனக்கு இரட்டைச் சடை பின்னி, சாப்பாடு கட்டிக் கொடுத்து, பிறகுதான் கிளினிக். அம்மா சேரன்மகாதேவியில் ஆசிரியை, முதல் ரயிலுக்கே போய்விடுவார்கள் என்பதால் சடை அப்பாவின் பொறுப்பு. கம்பி கட்டும் கை அல்லவா, ஒரு முடி பிசகாது. இரவு அம்மா உட்காராமல் அவர் சாப்பிட உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

கிளினிக்குக்கு வரும் பிள்ளைகளிடம் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. இரண்டு வருடம் கம்பியோடு பொறுத்துக்கொண்ட பிள்ளைக்கு, அதைக் கழற்றிய பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை செவலை மேல் ஒரு சவாரி. பாய் கடிவாளத்தைப் பிடிப்பார், அப்பா பக்கத்திலேயே நடந்து வருவார். நல்ல பல்வரிசை உள்ள பிள்ளைகள்கூடக் கம்பி வேண்டும் என்று வீட்டில் அடம்பிடித்தார்களாம். இதனால் குதிரை டாக்டர் என்று பெயர் பரவி, ஒருநாள் கிளினிக் வாசலில் நொண்டுகிற காளையோடு ஒருவர் வந்து நின்றார். அப்பா அவரை விரட்டவில்லை. கால்நடை ஆஸ்பத்திரிவரை கூடவே நடந்து போய்விட்டு வந்தார்.

இனி எழுதப்போவதுதான் நான் எழுத ஒப்புக்கொண்டதற்குக் காரணம்.

சவாரி செய்கிறவருக்கு உடம்பு வலி சகஜம். எட்டு வருடமாக எங்கள் வீட்டில் தோள் வலித்தால் குதிரை, இடுப்பு வலித்தால் குதிரை. உடனே தைலத்தைத் தேய்ப்போம், மறுநாள் சரியாகிவிடும். வலிக்கு வேறொரு காரணம் இருக்கும் என்று எங்கள் யாருக்கும் தோன்றியதில்லை. அப்பாவும் மருத்துவர்தான். ஆனால் பல்லுக்குக் கீழே எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் கேலியாகச் சொல்வதை அவரே நம்பிவிட்டார் என்று நினைக்கிறேன்.

அப்பா போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் கிளினிக்கிலிருந்து வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தார். அம்மா ஒரு கல்யாணத்துக்காக அம்பாசமுத்திரம் போயிருந்தார்கள். இடது தோள் பிடித்துக்கொண்டிருக்கிறது, காலையில் செவலை பள்ளத்தில் காலை விட்டுக் குலுக்கிவிட்டது, தைலம் தேய்த்துவிடு என்றார். எனக்கு அடுத்த நாள் தேர்வு. ஒரு கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு மறு கையால் தேய்த்தேன். அவர் நெற்றி வேர்த்திருந்தது. பங்குனி வெயில் என்று நினைத்து மின்விசிறியைக் கூட்டி வைத்தேன். போதும்டா, நீ படி என்று எழுந்து போனார். அம்மா வந்தபோது இதைச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை சவாரிக்குப் போனவர் திரும்பவில்லை. தேடிப்போன மைதீன் பாய், அப்பா படித்துறையில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்ததையும் செவலை பக்கத்தில் நின்றதையும் பார்த்திருக்கிறார். தூக்கிக்கொண்டு ஓடியும் பயனில்லை. மருத்துவமனையில் டாக்டர், உடம்பில் அடிபட்ட காயம் எதுவும் இல்லை, மாரடைப்பு மாதிரித் தெரிகிறது என்றார். பிறகு என்னைப் பார்த்து, முந்தின நாள் நெஞ்சிலோ தோளிலோ வலி என்று ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். பக்கத்தில் அம்மாவும் பெரியப்பாவும் இருந்தார்கள்.

இல்லை என்றேன்.

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. வலி எதுவும் இல்லாதவர் என்றால், விழுந்த அதிர்ச்சியில்தான் இதயம் நின்றிருக்க வேண்டும் என்று பெரியப்பா முடிவு செய்தார். அவர் சொன்னதை ஊர் சொன்னது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும், குதிரை வேண்டாம் என்று அன்றே சொன்னோமே என்றார்கள். மூன்றாம் நாள் மைதீன் பாய் வந்து வாசலில் நின்று, "ஐயா விழல. எறங்கித்தான் உக்காந்திருக்காங்க" என்றார். பெரியப்பா தலையை நிமிர்த்தவே இல்லை. "குதிரைக்கு வக்காலத்து வாங்காதீரும் வே. எந்தம்பி போயிட்டான்" என்றார். பாய் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார். ஜன்னலுக்குப் பின்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் திருச்செந்தூர்ப் பக்கத்து வண்டிக்காரர் ஒருவரிடம் செவலையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பாய்க்கும் வேலை போயிற்று. லாரியில் ஏற்றும்போது செவலை காலை ஊன்றிக்கொண்டு ஏற மறுத்தது. நான் உள்ளே போய்க் காய்ந்த துணிகளை மடித்து வைத்தேன்.

அப்பா போனபோது நாற்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பல்லில் அவர் கட்டிய கம்பி இருந்தது. மாதம் ஒரு முறை முறுக்கி விடாவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண். அப்பாவோடு படித்த மதுரை டாக்டர் ஒருவர் ஞாயிறு தவறாமல் வந்து அத்தனை பேருக்கும் பார்த்தார். கம்பி கழற்றிய பிள்ளைகள் யாரும் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. பெற்றவர்கள் விவரம் தெரிந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். போன கார்த்திகையில் ஒரு சிறுமி மட்டும் வந்துவிட்டாள். பாபநாசத்திலிருந்து தகப்பனாரோடு பஸ்ஸில் வந்து, கிளினிக்கில் கம்பியைக் கழற்றியதும் நேரே எங்கள் வாசலுக்கு வந்து குதிரை எங்கே என்று கேட்டாள். அவள் தகப்பனார் சங்கடப்பட்டுக்கொண்டு, "அது டாக்டரத் தள்ளிவிட்டுட்டும்மா" என்றார்.

"தள்ளல" என்றேன். எட்டு மாதத்தில் அப்போதுதான் சொன்னேன்.

அவர்கள் போகும்வரை அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு நான் தைலம் தேய்த்ததையும், வேர்த்திருந்ததையும், மருத்துவமனையில் பொய் சொன்னதையும் சொன்னேன். அம்மா என்னை அடிக்கக்கூடும் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"காலைலயும் வலிக்குதுன்னாவ" என்றார்கள். "நாந்தான் வெந்நி ஒத்தடம் குடுத்து, பைய போயிட்டு வாங்கன்னு அனுப்பிவச்சேன். டாக்டர் கேக்கும்போது நீ இல்லன்னுட்ட. ஒனக்குத் தெரியாது போலன்னு நானும் வாய மூடிக்கிட்டேன். ரெண்டு பேருமாச் சேந்து பழிய வாயில்லாச் சீவன் தலையில போட்டுட்டோம்."

இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே பொய்யை ஆளுக்கொரு அறையில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். மறுநாள் பெரியப்பாவிடம் சொன்னோம். அவர் எங்களை ஒரு வார்த்தை வையவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு திருச்செந்தூருக்குப் பஸ் ஏறினார். வண்டிக்காரர் செவலையை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார், அவர் ஒரு சந்தையில் கைமாற்றியிருந்தார். அதற்கப்புறம் தகவல் இல்லை. எழுபது வயதில் பெரியப்பா நான்கு சந்தைகளுக்குப் போய்வந்தார். இந்த மலரில் எல்லாவற்றையும் எழுதிவிடு, நம் ஆட்கள் அத்தனை பேரும் படிக்கட்டும் என்று சொன்னவர் அவர்தான்.

அப்பாவின் வேலையைப் பாதியில் விடாமல் முடித்துக் கொடுத்த மதுரை டாக்டருக்கும், கிளினிக்கை ஒருநாளும் பூட்டிப்போடாமல் திறந்து வைத்த சைக்கிள் கடை அண்ணாச்சிக்கும், பதினாறு நாளும் எங்கள் அடுப்பை எரியவிடாமல் சாப்பாடு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எங்களோடு அழுதவர்களுக்கும் நன்றி. உங்களிடம் உண்மையை மறைத்ததற்கு மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறோம்.

கடைசியாக, மைதீன் பாய். போன வாரம் பெரியப்பா, அம்மா, நான் மூவரும் மேலப்பாளையத்துக்குப் போனோம். பாய் இப்போது பீடி இலை மண்டியில் மூட்டை தூக்குகிறார். எங்களைக் கண்டதும் தோள் துண்டை உதறி, உட்கார இடம் போட்டார். பெரியப்பா நின்றுகொண்டே தப்பு எங்களுடையது என்றார். பிறகு, விழவில்லை என்று அன்றைக்கு அவ்வளவு உறுதியாக எப்படிச் சொன்னீர் என்று கேட்டார்.

"நான் போகும்போது செவலையோட சேணத்தக் கட்டுற வயித்து வாரு ரெண்டு ஓட்ட தளத்தியிருந்துச்சு" என்றார் பாய். "கடிவாளத்தையும் தூக்கிக் கழுத்துல போட்டிருந்தாங்க. ஐயா எறங்குனா மொதல்ல அதுக்கு மூச்சுவிட வாரத் தளத்துவாங்க, அப்புறந்தான் தான் உக்காருவாங்க. அன்னைக்கும் அதச் செஞ்சிட்டுத்தான் உக்காந்திருக்காங்க. சொல்லத்தான் வந்தேன். எப்படித் தெரியும்னு யாரும் கேக்கல."

அம்மா அந்த இடத்திலேயே இலை மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்கள். நெஞ்சு அடைத்துக்கொண்டு வந்த நேரத்தில் அப்பாவின் கை முதலில் குதிரையின் வாரைத்தான் தேடியிருக்கிறது. எங்களுக்குத் தெரிந்த வரையில் அப்பா இந்த உலகத்தில் கடைசியாகச் செய்த வேலை அதுதான். அதைப் பார்த்த ஒரே மனிதரைத்தான் நாங்கள் வாசலோடு திருப்பி அனுப்பினோம்.

பாய், உறவினர்கள் அத்தனை பேரும் அறிய எழுதுகிறேன். நீங்கள் சொன்னதுதான் உண்மை. எங்களை மன்னித்து, வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் வீட்டுக்கு வாருங்கள். நீங்கள் வரும்வரை நாங்கள் இலை போட மாட்டோம்.