வசந்தி கேட்ட வீடு

அந்த வீட்டை வாங்கவிடாமல் கெடுத்தவள் நான்தான். பணம் சேரவில்லை என்றுதான் இத்தனை வருடம் வெளியில் கதை. பொய்!

எண்பதுகளின் கடைசி. ஊரில் சண்டை. எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தன்னந்தனியாக லண்டனில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். மிட்சம் பகுதியிலிருந்த எங்கள் பழைய மாணவி வசந்தியின் ஒற்றை அறையில் அவர்களில் மூன்று பேர் ஒண்டியிருந்தார்கள். வீட்டுக்காரன் வெளியேறச் சொல்லிவிட்டான். பழைய மாணவிகள் காசு போட்டு நோர்பரியில் ஒரு வீடு வாங்கி, இப்படி வருகிறவர்களைத் தங்கவைக்கலாம் என்று சொன்னவள் வசந்தி. எங்கள் பழைய மாணவிகள் சங்கத்துக்கும் பிடித்திருந்தது. யார் யார் கைகொடுப்பார்கள் என்று தொலைபேசியில் கேட்டறியும் பொறுப்பு என்னிடம் வந்தது.

கேட்டேன். ஐயோ, எப்படிக் கேட்டேன்! "நல்ல விசயம், நானும் தாறன்" என்று அவர்கள் சொல்லி வாய் மூடுவதற்குள் நானாக ஒன்றைச் சேர்த்தேன்.

"எல்லாச் சனமும் வந்து தங்கும், அக்கா. ஒரே குசினியிலதான் எல்லாருக்கும் சமையல்... பிறகு குறை சொல்லக்கூடாது."

சாதி என்ற சொல்லை நான் உச்சரிக்கவே இல்லை. தேவைப்படவும் இல்லை. அந்தப் பக்கத்துக் குரல் உடனே மாறியது: "அவரிட்டக் கேட்டுச் சொல்லுறன்."

புருஷனிடம் கேளாமலே கார் வாங்கியவளும் அப்படித்தான் சொன்னாள்! ஒருத்தியாவது, "என்ன கதை இது?" என்று என்மேல் பாய்ந்திருக்கக் கூடாதா? அகதி என்று கைகட்டி நின்றபோது எங்கே போயிருந்தது இந்தச் சாதி? அவர்கள்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை. ஆனால் முதலில் வாயைத் திறந்தவள் யார்? நான்!

ஏன் செய்தேன்? வசந்தியின் தகப்பன் எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசல் படலைக்கு வெளியேதான் நிற்பார். அவருடைய மகள் திட்டம் போட, நான் அவள் சொற்படி ஓடித் திரிவதா? இவ்வளவுதான் காரணம்... வெட்கக்கேடு!

"ஆதரவு போதாது" என்று கூட்டத்தில் சொன்னேன். திட்டம் அத்தோடு நின்றுபோனது. வசந்தியின் அறையில் ஒண்டியிருந்த மூவரில் இளையவள் மலர் படிக்கவென்று வந்தவள். போக்கிடம் இல்லாமல், இருபது வயது மூத்த ஒருவனுக்குக் கழுத்தை நீட்டினாள்.

அந்த வருடக் கடைசிக் கூட்டத்தில் வசந்தி எழுந்தாள். "வீடு சரிவரேல்லைத்தான். எண்டாலும் அக்கா எங்களுக்காண்டி எத்தினை பேரோட கதைச்சவா! அவவுக்கு நன்றி சொல்ல வேணும்."

கைதட்டினார்கள். நான் என்ன கதைத்தேன் என்று காதால் கேட்டவர்களே கைதட்டினார்கள்! நான் எழுந்து கும்பிட்டேன்... சிரித்தேன்.

ஸ்ட்ரெதமில் எங்கே கண்டாலும் "அக்கா!" என்று அவள் இன்னும் ஓடிவருகிறாள். உங்களிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை.