உபசேன முதலாளியின் பிள்ளையார் சுழி

போன கிழமை ஃபேஸ்புக்கில் ஒரு செங்கல்லைப் பார்த்தேன். கனடாவில் யாரோ அதை ஷோகேஸுக்குள் பட்டுத்துணி விரித்து வைத்திருந்தார்கள். நடுவில் 'உ' என்று அச்சு. 'எங்கள் கொழும்பு வெள்ளவத்தை வீட்டை ஒவ்வொரு கல்லிலும் பிள்ளையார் சுழி போட்டுத்தான் அப்பப்பா கட்டினார்' என்று எழுதியிருந்தது. கீழே கும்பிடும் கைகள் வரிசையாக. எனக்குத் தேத்தண்ணி புரையேறிவிட்டது.

வேலைக்கு வந்த புதிதில் அந்த வீட்டில்தான் அறை எடுத்திருந்தேன். அந்த அப்பப்பாவின் மகன் அம்பலவாணர்தான் வீட்டுக்காரர். புதுக்கடைக் கோர்ட்டில் கிளாக்கராயிருந்து பென்சன் எடுத்தவர். விறாந்தைத் தூணில் ஒரு கல்லை மட்டும் பூச்சுப் பூசாமல் விட்டு, காலையில் அதற்குச் சந்தனம் அப்புவார். பிறகு மத்தியானம் வரை பக்கத்து வீட்டுக்காரர்மேல் பெட்டிசம் எழுதுவார். சந்தனம் மணத்தால் எனக்கு இன்றைக்கும் பெட்டிசம்தான் ஞாபகம் வரும்.

கந்தோரில் எனக்குப் பக்கத்து மேசை நிசாம். கிராண்ட்பாஸில் ஒற்றை அறை வீட்டில் குடும்பம் முழுக்க இருந்தது. கணக்காளர் சோதினைக்குப் படிக்க இடமில்லாமல் அவன் தவித்தான். அம்பலவாணரின் பின்னறை சும்மா கிடக்கிறதே என்று நான்தான் கூட்டிப்போனேன். பெயரைக் கேட்டதும் அவர் தூணைக் காட்டினார்.

"இது பிள்ளையார் சுழி போட்ட வீடு, தம்பி. உங்கட ஆக்களுக்குச் சரிவராது."

நிசாம் குனிந்து பார்த்தான்.

"ஐயா, இது சிங்கள 'உ'. களனி உபசேன முதலாளிட கல். எங்கட வாப்பா அங்க லொறி ஓட்டினவர். எங்கட ஊட்டு கக்கூஸ் செவுத்துலயும் இதே கல்தான் இரிக்கி."

களனி ஆற்றங்கரையில் அப்போது செங்கல் சூளைக்குமேல் சூளையாம். கற்கள் கலந்துபோகாமலிருக்க ஒவ்வொரு முதலாளியும் மர அச்சில் தன் முதலெழுத்தை வெட்டிவைப்பாராம். சிங்கள 'உ'வும் நம்முடையதும் கூடப்பிறந்தவை மாதிரி. சந்தனத்தையும் அப்பிவிட்டால் யார் கண்டது? நானே வேலை நிரந்தரமானபோது அந்தக் கல்லைத் தொட்டு நன்றி சொன்னவன். அது உபசேன முதலாளிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

வெட்கமுள்ள மனிதர் அந்த இடத்தில் சிரித்துவிட்டுப் பின்னறைத் திறப்பை எடுத்துக் கொடுத்திருப்பார். அம்பலவாணர் கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப உங்கட வீடும் முந்தி எங்கட ஆக்களின்ரையாத்தான் இருந்திருக்கும்."

இதே பதிலைப் பிறகு எத்தனையோ மேடைகளில், தமிழிலும் சிங்களத்திலும் கேட்டுவிட்டேன். அங்கே கைதட்டல்தான் கூடுதல்.

களனிப் பக்கம் போனால் நான் விசாரிப்பதுண்டு. சூளை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. உபசேனவை அங்கே ஒருவருக்கும் தெரியாது. மண் மிதித்தவர்களை யார் நினைக்கப்போகிறார்கள்? வெள்ளவத்தை வீட்டையும் இடித்து அப்பார்ட்மென்ட் எழுப்பிவிட்டார்கள். அம்பலவாணரின் பழைய பேப்பர்க் கட்டுகளைத் தவிர அந்தப் பின்னறையில் கடைசிவரை யாரும் குடியிருக்கவில்லை. நிசாம் அந்தச் சோதினையை எழுதவேயில்லை.