மங்கையர்க்கரசி பேசிய அழைப்புகள்

ஷஃபானா பிடிவாதக்காரி. பூனாவில், வாகட் பகுதியில் இருக்கிற வீட்டில் மட்டுமல்ல, ஹிஞ்சவடி ஆபீஸிலும் அந்தப் பேரை வாங்கியாயிற்று. தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கிற கம்பெனி அது. மெஷின் ஒழுகினாலும் பில் தப்பாக வந்தாலும் ஊர் ஊராக ஜனங்கள் அங்கேதான் போன் போட்டுத் திட்டுவார்கள். திட்டை வாங்கிக்கொண்டு புகாரைத் தீர்க்க ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும். அதில் யார், எந்த வகைப் புகாரில், எத்தனையை முடித்தார்கள் என்று டேட்டாபேஸில் குவெரி எழுதி எண்ணிச் சொல்வது ஷஃபானாவின் வேலை. தம்பி ஆசிஃபை அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டதும் அவள்தான்.

போன வாரம் மேனேஜர் சந்தானம் வந்து நின்றார்.

"ஒருத்தரைக் குறைக்கணும்னு மேல சொல்லிட்டாங்கம்மா. உன் கணக்குல கடைசியா வர்றவங்கதான்."

ஷஃபானா குவெரியை ஓட்டினாள். கடைசியில் மங்கையர்க்கரசி. ஷஃபானாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தொண்டை கட்டுகிற வரைக்கும் பேசுகிற மனுஷி கடைசியா? நல்ல கூத்தாக இருக்கிறதே!

அந்த ஆபீஸில் ஒரு பழக்கம். போனை எடுக்கிறவர் முதலில் தன் பேரில் புகாரைத் திறந்துவிடுவார். மறுமுனையில் தமிழ்க் குரல் கேட்டால் போதும், "மங்கை தாயீ!" என்று, மராட்டியில் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி, ஒரு கூப்பாடு, அழைப்பு அவளிடம் போய்விடும். அரைமணி நேரம் மன்றாடித் தீர்த்துவைப்பது அவள், புகார் முடிவது எடுத்தவர் பேரில். ஷஃபானாவின் குவெரியோ புகார் யார் பேரில் இருக்கிறது என்று மட்டும்தான் பார்த்தது.

"எண்ணுன விதமே தப்பு சார். நாளைக்குள்ள சரியா தர்றேன்" என்றாள்.

சந்தானம் முணுமுணுத்தார். அவள் அசையவில்லை. கடைசியாக யார் பேசியது என்பது அழைப்புப் பதிவுகளில் தனியாக இருந்தது. இரண்டையும் சேர்த்து, பேசியவர் பேரில் வகை வகையாக மறுபடி எண்ணினாள். இரண்டு தடவை பிழை காட்டியது. மூன்றாவது தடவை வரிசை வந்தது. மங்கையர்க்கரசி எல்லா வகையிலும் மேலே. கடைசியில் ஆசிஃப்.

பையன் பூனாவில் பிறந்து வளர்ந்தவன். உம்மாவிடமே பாதித் தமிழ், பாதி இந்தி. தமிழ் அழைப்பு எது வந்தாலும் தள்ளிவிட்டவன் அவன்தான். பழைய கணக்கையே கொடுத்துவிட்டால் ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. அந்த நினைப்பு வந்ததற்கே தன்மேல் அவளுக்குக் கோபம் வந்தது.

முதலில் ஆசிஃபைக் கீழே டீக்கடைக்கு இழுத்துப்போய்ச் சொன்னாள்.

"லாத்தா, என்னையேவா?" என்றான். முகம் செத்துவிட்டது.

"உன்னைத்தான்டா. அந்தம்மா பேசுனதை உன் பேர்ல எழுதிவச்சுக்கிட்டு என்னால இருக்க முடியாது."

அவன் டீயைக் குடிக்காமல் மேலே போனான். அவள் பின்னாலேயே போய்க் கணக்கை அனுப்பினாள். இதோடு, எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒருத்தரை வெளியே அனுப்பாதீர்கள், கொஞ்ச நாள் அவகாசம் கொடுங்கள் என்றும் எழுதினாள். கணக்கை எடுத்துக்கொண்டார்கள், அவகாசத்தை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை ஆசிஃப் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வந்தான்.

சாப்பாட்டு நேரத்தில் உம்மா சபூரா பொரிந்து தள்ளினாள்.

"என் புள்ளையைக் கடைசின்னு எண்ணுனவ எவ? அவ கை விளங்குமா?"

ஷஃபானா வாயைத் திறப்பதற்குள் ஆசிஃப் முந்திக்கொண்டான். "எவளும் இல்ல உம்மா. கம்ப்யூட்டர் எண்ணுச்சு."

அவனாவது கோபப்பட்டிருக்கலாம். ஷஃபானா தட்டைத் தள்ளிவைத்துவிட்டு உம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நான்தான் உம்மா எண்ணுனேன்."